வரம்பிட்ட பதிப்பு ஒளிப்படம் வாங்குவதற்கு முன்

ஒளிப்படக் கலைஞர் ஒருவரின் பயணப் படத்தை வாங்கும்போது அச்சின் ஓரத்திலோ பின்புறத்திலோ 3/20 என்று எழுதியிருந்தால், அது 20 படிகளில் மூன்றாம் எண் இடப்பட்ட படி என்று பொருள். அதாவது, 20 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்பதே வரம்பு. ஆனால் அந்த வரம்பு குறிப்பிட்ட அளவுக்கும் அச்சு முறைக்கும் மட்டுமா, அல்லது படத்தின் எல்லா வடிவங்களுக்குமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் சுற்றிப் படமெடுத்த வில்லியம் எகிள்ஸ்டனின் பழைய வண்ணப் படங்கள் சில, பெரிய டிஜிட்டல் அச்சுகளாக 2012இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, அதே படங்களின், டை டிரான்ஸ்ஃபர் முறையில் (சாயங்களை ஒவ்வொன்றாகத் தாளுக்கு மாற்றும் பழைய வண்ண அச்சு முறை) அச்சான சிறிய அளவுப் பழைய பதிப்பை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர், தம் படிகளின் மதிப்பு குறையும் என்று வழக்குத் தொடுத்தார். அளவும் அச்சு முறையும் வேறு என்பதால் புதிய அச்சுகள் தனிப் பதிப்பே என்று கருதிய நீதிமன்றம் 2013இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வாங்கியவரின் மனக்குறை நியாயமானதுதான். ஆயினும் சட்டம் அவர் பக்கம் நிற்கவில்லை.

பதிப்பின் எண்ணிக்கையில் சேராமல் கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் ‘ஆர்ட்டிஸ்ட் புரூஃப்’ படிகள் எத்தனை என்பதையும் கேளுங்கள். அவையும் பின்னாளில் விற்பனைக்கு வருவதுண்டு. வாங்கிய படத்தை அமிலமற்ற அட்டையில் பொருத்தி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இட்டு, நேர்வெயில் படாத சுவரில் மாட்டவும்.