டொர்னாடோவையும் அதன் அழிவையும் ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

ஆங்கிலத்தில் எழுதப் பழகுபவர்கள், மேகத்திலிருந்து தரைவரை புனல்போல் இறங்கிச் சுழலும் கடுங்காற்றான டொர்னாடோவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் ‘பயங்கரமான’, ‘கோரமான’ என்று பொருள்படும் அடைமொழிகளையே முதலில் தேடுகிறார்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு, எது எப்படிச் சேதமடைந்தது என்று எழுதத் தொடங்குங்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், 2021 டிசம்பர் 10 அன்று இரவு மேஃபீல்டு நகரைத் தாக்கிய டொர்னாடோவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதல் வாக்கியத்தில் நாள், நேரம், இடம் ஆகிய மூன்றும் வந்துவிட வேண்டும். டொர்னாடோ தரையைத் தொடுவதற்கு ‘டச் டவுன்’ என்ற வினையே வழக்கம். கடலில் உருவாகி நாள்கணக்கில் நகரும் புயலுக்குரிய ‘சைக்ளோன்’ என்ற சொல்லை இங்கே எழுதாதீர்கள். செய்தி முழுவதும் வேறாகிவிடும்.

அடுத்தது வலிமை. காற்றின் வேகம் பெரும்பாலும் கருவியால் நேரடியாக அளக்கப்படுவதில்லை. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையினர் சேதத்தைப் பார்வையிட்டு, இஎஃப் (மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா) அளவுகோலில் இஎஃப்0 முதல் மிகக் கடுமையான இஎஃப்5 வரை தரம் தருகிறார்கள். மேஃபீல்டைத் தாக்கியது இஎஃப்4. மணிக்கு 190 மைல் வேகம் என்பது மதிப்பீடு. ஆகவே வேகத்துக்கு முன்னால் ‘எஸ்டிமேட்டட்’ (மதிப்பிடப்பட்ட) என்றும், ஆய்வு முடியாத நிலையில் தரத்துக்கு முன்னால் ‘பிரிலிமினரி’ (முதற்கட்ட) என்றும் சேர்க்க வேண்டும். 2025 ஜூனில் வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் அருகே வீசிய டொர்னாடோவுக்கு முதலில் இஎஃப்3 என்றுதான் தரம் தந்தார்கள். கவிழ்ந்த ரயில் பெட்டிகளை ஆராய்ந்த பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் அது இஎஃப்5 ஆக உயர்த்தப்பட்டது.

சேத வருணனைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கூரை மட்டும் பிய்ந்த வீட்டுக்கு ‘ரிப்ட் ஆஃப்’, சுவர்களும் சரிந்து தரைமட்டமான வீட்டுக்கு ‘ஃப்ளாட்டன்ட்’, அடித்தளம் மட்டுமே மிஞ்சிய வீட்டுக்கு ‘ஸ்வெப்ட் அவே’ என்று வினைகள் படிப்படியாகக் கடுமையாகின்றன. மரத்துக்கும் அப்படித்தான்: வேரோடு சாய்ந்தால் ‘அப்ரூட்டட்’, நடுவில் முறிந்தால் ‘ஸ்னாப்ட்’, பட்டை உரிந்து மொட்டையாக நின்றால் ‘டீபார்க்ட்’. கடைசிச் சொல்லைக் கண்டதுமே, விவரம் அறிந்த வாசகர் காற்றின் கடுமையைப் புரிந்துகொள்வார். மேஃபீல்டில் நீதிமன்றக் கட்டடத்தின் கடிகாரக் கோபுரம் இடிந்து விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலையில் இருந்த மெழுகுவர்த்தித் தொழிற்சாலை தரைமட்டமானது. இப்படி இரண்டு கட்டடங்களைக் குறிப்பாகச் சொன்னாலே போதும். ‘நகரமே அழிந்தது’ என்று எழுதத் தேவையில்லை.

பின்விளைவுகளுக்கு வரும்போது காலம் மாறுகிறது. தாக்கியது, இடிந்தது ஆகியவற்றை இறந்தகாலத்தில் எழுதுங்கள். மின்சாரம் இன்னும் வரவில்லை, முகாம்கள் திறக்கப்பட்டுள்ளன என்பன போன்று இப்போதும் தொடரும் நிலைமைகளுக்கு ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ கொண்ட பிரசன்ட் பெர்ஃபெக்ட் வடிவம் பொருந்தும். உயிரிழப்பு எண்ணிக்கையை, சொன்னவர் யார் என்பதோடு சேர்த்தே எழுத வேண்டும். கென்டக்கியில் இறந்தோர் நூறைத் தாண்டக்கூடும் என்று ஆளுநர் ஆண்டி பெஷியர் முதலில் அஞ்சினார்; பின்னர் உறுதியான எண்ணிக்கை அதைவிடக் குறைவு. அந்த ஒரு டொர்னாடோவில் இறந்தவர்கள் 57 பேர். அன்றிரவு வேறு டொர்னாடோக்களும் வீசியதால், மாநிலத்தின் மொத்த எண்ணிக்கையை இதனோடு கலந்துவிடாதீர்கள்.

இறுதியாக அலகுகளைச் சரிபாருங்கள்: அமெரிக்க வாசகருக்கு மைல் போதும், மற்றவர்களுக்குக் கிலோமீட்டரையும் சேர்த்துக் கொடுங்கள்.