மாடுலர் முறையில் தீயணைப்புப் பயிற்சிக் கூடம்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது

ஆலையில் பெட்டி பெட்டியாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேன் வைத்து அடுக்கி போல்ட் முறுக்கினால் மூன்று மாடிப் பயிற்சிக் கோபுரம் மளமளவென்று எழுந்துவிடும். அதனால் மாடுலர் கட்டுமானத்தின் மேல் ஆசை வருவதில் தப்பே இல்லை. நானும் அதன் பக்கம்தான். ஆனால் வாங்குகிறவர்கள் பலர் இதையும் இன்னொரு கட்டடமாகவே நினைத்துத் திட்டம் போடுகிறார்கள், மற்ற தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வழக்கமான கட்டடம் ஆயுளில் ஒரு முறைகூட எரியக் கூடாது. இதுவோ வாரத்தில் பல முறை எரிந்து, எரிகிற சூட்டிலேயே தண்ணீர் வாங்கி, மறுநாளும் ஆட்களை நம்பி உள்ளே அனுப்பும் நிலையில் இருக்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஷிப்பிங் கன்டெய்னரை வாங்கி, ஜன்னல் வெட்டி, அப்படியே தீ வைப்பதுதான் அதிகம் நடக்கிற தவறு. கன்டெய்னரில் பயிற்சி தரலாம், சந்தேகமே வேண்டாம். ஸ்வீடனில் 1980களிலேயே ஃபிளாஷ்ஓவர் (சூடேறிய அறை முழுவதும் ஒரே கணத்தில் தீப்பற்றிக்கொள்வது) பயிற்சியை அதில்தான் நடத்தினார்கள். ஆனால் அதன் சுவர் சுமார் 2 மி.மீ. தகடுதான், அடுக்கும்போது பாரத்தைத் தாங்குவது நான்கு மூலைத் தூண்கள். நெளிவுத் தகட்டில் கதவும் ஜன்னலும் வெட்டினால் சுற்றிலும் எஃகுச் சட்டம் வைத்தே ஆக வேண்டும். தரையில் இருக்கும் 28 மி.மீ. பிளைவுட்டில் பெரும்பாலும் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், அதைப் பெயர்த்து எடுக்காமல் தீ மூட்டினால் அந்தப் புகைதான் பயிற்சியாளர்களைச் சூழும்.

அப்புறம் வெப்பம். எஃகு 550 முதல் 600 டிகிரி செல்சியஸில் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது, பயிற்சி அறையின் கூரைப் பக்கம் அந்தச் சூட்டைத் தொடுவது சாதாரணம். 12 மீட்டர் நீள எஃகு 500 டிகிரி கூடினால் ஏழு சென்டிமீட்டர் நீள்கிறது. இரண்டு முனையையும் அசையாமல் வெல்டிங் செய்து வைத்தால் அந்த ஏழு சென்டிமீட்டர் எங்கே போகும்? சுவர் வளையும், வெல்டிங் பிளக்கும், பக்கத்துப் பெட்டியையும் நெட்டித் தள்ளும். எனவே ஒரு முனையைப் பூட்டி மறு முனையை நீள் துளை வைத்து நகர விட வேண்டும். உள்ளே வெப்பத் தடுப்புப் பலகை (உள்பூச்சு என்று நான் சொல்வது இதைத்தான்), அதற்கும் எஃகுக்கும் நடுவே காற்று இடைவெளி, பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்ற வசதி, இவை மூன்றும் வேண்டும். சூடேறிய கான்கிரீட்டில் தண்ணீர் பட்டால் சில்லு சில்லாகத் தெறிக்கும், ஆகவே உள்பூச்சுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கதவைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உயிர் போகும். கன்டெய்னர் கதவின் பூட்டுக் கம்பிகள் வெளியே இருக்கின்றன, உள்ளிருந்து திறக்க வழியில்லை. அந்தக் கதவை வைத்துக்கொண்டு 'வெளியே ஒருவர் நிற்பாரே' என்று சமாதானம் சொல்வது பெரிய ஆபத்து. சூட்டில் சட்டம் வளைந்தால் வெளியே நிற்பவராலும் திறக்க முடியாமல் போகலாம். எந்த அறையானாலும் இரண்டு வழி, இரண்டும் உள்ளிருந்து தள்ளினால் வெளிப்பக்கம் திறப்பவை, கையுறை போட்ட கைக்கும் எட்டுகிற கைப்பிடி. இதில் பேரம் பேசாதீர்கள்.

எரியும் அறையைக் கீழே வைத்து மேலே நாலு பெட்டி அடுக்குவதும் சரியில்லை. அந்த அறையின் தூண் நலிந்தால் மேலே உள்ள எல்லாமே சந்தேகத்துக்குரியதாகிவிடும். மாடுலர் முறையின் பெரிய லாபமே தேய்ந்த பெட்டியைக் கழற்றிப் புதியதை வைக்க முடிவதுதான், அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? எரியும் பெட்டிகளை ஓரத்தில், மேலே பாரமில்லாமல், கிரேன் வந்து தூக்கிச் செல்ல வாகாக வையுங்கள். கேஸ் பர்னர் உள்ள அறையில் விறகு எரிப்பதும் கூடாது, சாம்பல் பர்னரையும் சென்சாரையும் கெடுத்துவிடும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும், ஆகவே கசிவு உணரியைத் தரை மட்டத்தில் வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கைப் பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். நேரடித் தீப் பயிற்சிக்கான அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 1403, தாக்குவதற்கு ஒன்றும் காப்புக்கு ஒன்றுமாகத் தனித்தனிக் குழாய்கள் கேட்கிறது, ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்குக் குறைந்தது 95 கேலன், அதாவது சுமார் 360 லிட்டர். இரண்டும் அரை மணி நேரம் ஓடினால் 21,000 லிட்டருக்கு மேல் கரித்தண்ணீர் தரையில் நிற்கும். வடிகாலும் சேகரிப்புத் தொட்டியும் அஸ்திவாரத்தோடு சேர்த்துத் திட்டமிட வேண்டியவை. நாலு மூலையில் குவியும் பாரத்தின் கீழ் மண் ஊறி ஒரு மூலை இறங்கினால், முதலில் சிக்கிக்கொள்வது கதவுதான். நுரைப் பயிற்சி உண்டென்றால் ஃபுளோரின் இல்லாத நுரையை மட்டும் பயன்படுத்துங்கள், மற்றது நிலத்தடி நீரில் கலந்தால் எடுப்பது மகா கஷ்டம்.

கன்டெய்னரின் வெளி அகலமே 2.44 மீட்டர், உள்பூச்சு போட்டால் இன்னும் குறுகும். ஒரே நீளப் பெட்டியில் திரும்பத் திரும்பப் பயிற்சி தந்தால் வீரர்கள் அறையை மனப்பாடம் செய்துவிடுவார்கள், தேடும் திறமை வளராது. நகர்த்தக்கூடிய தடுப்புகளுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

வகுப்பறைப் பெட்டியை எரியும் பெட்டியோடு ஒட்டி வைப்பதையும் பார்க்கிறோம். தீயணைப்புத் தொழிலால் நேரும் நச்சுத் தொடர்பைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி 2022இல் சேர்த்துவிட்டது, எனவே கரி படிந்த உடையோடு வகுப்பறைக்குள் நடக்கும் வழி இருக்கவே கூடாது. எரியும் பெட்டியிலிருந்து உடை கழற்றும் இடம், குளியலறை, அதன் பிறகே சுத்தப் பகுதி. காற்று வாக்கு பார்த்து இடம் குறியுங்கள்.

1982இல் கொலராடோவின் போல்டரில் பயிற்சித் தீயிலேயே இரண்டு வீரர்கள் இறந்தார்கள், என்எஃப்பிஏ 1403 அதற்குப் பிறகுதான், 1986இல், வந்தது. டயர், பிளாஸ்டிக், ஃபோம், ரசாயனம் ஏற்றிய மரம் ஆகியவற்றை எரிக்காதீர்கள். ஒப்பந்தம் போடும்போதே உள்பூச்சைக் கழற்றிப் பின்னால் உள்ள எஃகை எந்தப் பொறியாளர், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சோதிப்பார், அந்தச் செலவு யார் தலையில் என்று எழுதி வாங்குங்கள். உள்பூச்சின் முன்னும் பின்னும் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி உணரி) வைத்து ஒவ்வொரு தீயின் சூட்டையும் பதிவு செய்துவந்தால், எந்தப் பலகை தேய்ந்துவிட்டது என்பதை எஃகு வளைவதற்கு முன்பே பிடித்துவிடலாம்.