சுரங்கம் காணாத நிலத்தில் செம்பும் தங்கமும் தேடுதல்

சுரங்கம் எதுவும் வெட்டப்படாத நிலத்தில் செம்பு, தங்கம், ஈயம், துத்தநாகம் ஆகியவற்றைத் தேடுபவர், உரிமமும் நிலத்துக்குரியோரின் ஒப்புதலும் கிடைத்தபின், முதலில் நாட வேண்டியவை ஓடைகள். சரிவுகளில் சிதையும் பாறைத் துகள்களை மழைநீர் அங்கேதான் கொண்டு சேர்க்கிறது; ஆகவே ஒரு பிடி வண்டல், அதற்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் சாட்சி சொல்லும். ஓடைகள் கூடும் இடத்துக்குச் சற்று மேலே ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாக வண்டலை அள்ளி, பொதுவாக 80 மெஷ் சல்லடையில், அதாவது ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில், சலித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நீரைவிட 19 மடங்கு கனமான தங்கம் பாறை இடுக்குகளிலும் பெருங்கற்களின் அடியிலும் தங்கிவிடும் என்பதால், அந்த மணலைத் தட்டில் அலசிப் பார்ப்பதும் அவசியம். மாதிரி எடுக்கும் கையில் மோதிரம் இருக்கவே கூடாது; அதிலிருந்து உரசி விழும் துகள் முடிவையே கெடுத்துவிடும்.

பிறகு, உயர்ந்த அளவு காட்டிய ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள். துரு நிறத்தில் கனத்துக் கிடக்கும் கல்லை உடைத்தால், சில நேரம் உள்ளே தேன்கூடு போன்ற வெற்று அறைகள் தெரியும். சல்பைடு கனிமங்கள், அதாவது உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள், மழைநீரில் சிதைந்து கரைந்துபோன இடங்களே அவை. இத்தகைய கல்லில் செம்பு குறைவாக இருக்கிறது என்று அந்த இடத்தைக் கைவிடுவது பெரும்பிழை என்பேன். மேற்பரப்பிலிருந்து கரைந்திறங்கிய செம்பு, நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டிச் செறிந்திருக்கக்கூடும். மாறாக, கண்ணைக் கவரும் மாலகைட் என்னும் செம்புக் கனிமத்தின் பச்சைப் பூச்சுக்குச் சிறிதளவு செம்பே போதும். மஞ்சளாக மின்னும் துகளை மெருகிடாத பீங்கானில் தேய்த்துப் பாருங்கள்: தங்கமானால் மஞ்சள் கோடு விழும், தங்கம் போல் மின்னும் செம்புக் கனிமமான கால்கோபைரைட்டானால் பச்சை கலந்த கருங்கோடு விழும்.

மண் மாதிரிகளைச் சீரான கட்டங்களில் எடுப்பதும், காந்தப்புல, மின்புல அளவீடுகளும் இதன்பின் இலக்கைச் சுருக்கித் தரும். சிதறிக் கிடக்கும் சல்பைடுகளை மின்புல முறை நன்கு காட்டினாலும், கிராஃபைட்டும் அதே போன்ற குறியைத் தரும் என்பதால் அதை மட்டும் நம்பித் துளையிட வேண்டாம்.

துளை, தாதுப் படிவத்தை இயன்றவரை அதன் தளத்துக்குச் செங்கோணத்தில் குறுக்கிட வேண்டும். சாய்வாகக் கடந்தால் மெல்லிய படிவமும் தடித்ததாகத் தோன்றும். கிடைத்த பாறை உருளையை நெடுக்காக அறுத்து, ஒரு பாதியை ஆய்வுக்கு அனுப்பி மறுபாதியைப் பெட்டியில் பாதுகாக்க வேண்டும். உலோகமற்ற மாதிரிகளையும், உலோக அளவு முன்பே தெரிந்த மாதிரிகளையும் அடையாளம் காட்டாமல் இடையிடையே சேர்த்தனுப்பினால், ஆய்வக முடிவுகளைச் சரிபார்க்க முடியும். எதுவும் கிடைக்காத துளைகளையும் இருப்பிடம், ஆழம், பாறை வகை ஆகியவற்றோடு பதிவு செய்துவிட்டு, துளைவாயை அடைத்து மேல்மண்ணைத் திரும்பப் பரப்புங்கள்.