கேல் பள்ளம்: பிள்ளைகள் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் விஞ்ஞானச் செயற்றிட்டங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. செவ்வாயில் உள்ள கேல் பள்ளம் அவர்களுக்கு மிகவும் பிடித்த தலைப்பு. எனக்கும்தான். அதனாலேயே ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வரும்போது மனம் கேட்பதில்லை.

முதலில் பெயர். இணையத்தில் தேடும்போது ஆங்கிலத்தில் ஓர் ‘எல்’ கூடி Gale என்பது Galle ஆகிவிட்டால் செவ்வாயிலேயே வேறொரு பள்ளத்துக்குப் போய்விடுவீர்கள். சிரிக்கும் முகம் போல இருக்குமே, அதுதான். எழுத்துக்கள் நம் காலி நகரத்தினுடையவை போலவே இருந்தாலும், பெயர் 1846இல் நெப்டியூனைத் தொலைநோக்கியில் கண்ட ஜெர்மானியர் காலேயினுடையது. நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி இறங்கிய நம் கேல் பள்ளத்துக்கு ஆஸ்திரேலியரான வால்டர் கேலின் பெயர். திகதியிலும் தடுமாற வேண்டாம். ஊர்தி இறங்கிய செய்தி வந்தபோது நமக்கு 2012 ஆகஸ்ட் 6, காலை 11 மணி. கலிபோர்னியாவில் அப்போதும் 5ஆம் திகதி இரவு.

அடுத்தது மாதிரி. விண்கல் மோதிப் பள்ளம் உண்டானதைத் தட்டில் கோதுமை மாவைப் பரப்பிப் போளையைப் போட்டுக் காட்டுவார்கள். நல்ல முயற்சி, ஆனால் போளையைப் பள்ளத்தின் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். செக்கனுக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வரும் விண்கல், மோதியதும் வெடித்துப் பெரும்பாலும் உருகி ஆவியாகிவிடும். பள்ளத்தைத் தோண்டுவது கல்லின் பருமன் அல்ல, அந்த வெடிப்பு. அதனால்தான் கல் சாய்வாக வந்தாலும் பள்ளம் அநேகமாக வட்டமாகவே அமைகிறது. கேல் 154 கிலோமீட்டர் அகலம், கிட்டத்தட்டக் கொழும்பிலிருந்து அநுராதபுரம் வரை. அவ்வளவு பெரிய கல் விழுந்தது என்று எழுதினால் பிழை. கல் அதில் ஒரு சிறு பங்குதான்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, நடுவிலுள்ள ஷார்ப் மலையை எரிமலை என்று எழுதுவது. கொஞ்சம் கூடுதலாக வாசித்த பிள்ளை, “மோதலில் தரை துள்ளி எழுந்த மேடு” என்று எழுதும். பெரிய பள்ளங்களில் அப்படி நடப்பது உண்மை. கேலிலும் அடியில் அப்படியொரு மேடு புதைந்திருக்கலாம். ஆனால் இந்த மலை சுமார் 5.5 கிலோமீட்டர் உயரம். இரண்டு பிதுருதலாகலையை அடுக்கினாலும் எட்டாது. பள்ளத்தின் வடக்கு விளிம்பைவிடவும் உயரம். துள்ளல் மட்டும் இவ்வளவு உயர்த்தாது. பக்கவாட்டில் பார்த்தால் வரிவரியாகப் படைகள் தெரியும். நீரும் காற்றும் கொண்டுவந்த வண்டல் படிந்து இறுகி, பிறகு காற்று அரித்து விட்டுவைத்த மிச்சம்தான் இந்த மலை. கீழ்ப்படைகளில் களிமண் கனிமங்கள், மேலே போகப் போக நீர் வற்றும்போது மிஞ்சும் சல்பேட் உப்புகள். ஊர்தி 2014இலிருந்து ஏறிக்கொண்டிருப்பது ஒரு கோள் உலர்ந்துபோன கதையின் மேல்தான். இதை எழுதாமல் சக்கரங்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கடைசியாக, “ஏரி இருந்தது, ஆகவே உயிர் இருந்தது” என்ற வரி. 2013இல் கியூரியாசிட்டி சேற்றுப்பாறையைத் துளைத்துப் பார்த்தபோது, நுண்ணுயிர் வாழக்கூடிய நன்னீர் ஏரிச் சூழல் அங்கே ஒருகாலத்தில் இருந்தது என்று தெரிந்தது. வீடு இருந்தது என்பது வேறு, ஆள் இருந்தார் என்பது வேறு. அந்தத் துளையிலிருந்து வந்த தூள் சிவப்பாக இல்லை, சாம்பல் நிறம். செந்நிறம் மேற்பரப்போடு சரி. எனவே படத்தில் துளையை வரையும்போது சிவப்புக் கலர்ப் பென்சிலை எடுக்காதீர்கள்.