ஒற்றை உள்நுழைவும் ஏபிஐ இணைப்பும்: வேலையை விட்டுப் போகிறவரிடமிருந்து தொடங்குங்கள்

ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். "நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருவர் உங்கள் செயலியை முதல்முறையாகத் திறந்திருக்கிறார். உள்ளே வேறு யாரோ பாதி எழுதி வைத்த பணி மதிப்பீடுகள் கிடக்கின்றன. இது எப்படி நடந்தது?" என்று கேட்டார்.

பதிலைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை நாள் ஆனது. அதே பெயர் கொண்ட ஒருவர் சில மாதங்களுக்கு முன் அந்த நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார். அவருடைய மின்னஞ்சல் முகவரியைப் புதியவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் நிரலோ, உள்ளே வருகிறவர் யார் என்பதை மின்னஞ்சலை வைத்தே முடிவு செய்தது. அந்த வரியை எழுதியவன் நான்தான். கையெழுத்துச் சரிபார்ப்பு, குறியாக்கம், காலாவதி நேரம் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் ஒருவருடைய அந்தரங்கக் குறிப்புகள் இன்னொருவர் கண்ணில் பட்டுவிட்டன.

அன்றிலிருந்து, ஒரே நிறுவனக் கணக்கை வைத்துப் பல செயலிகளுக்குள் நுழைய விடும் எந்த ஒற்றை உள்நுழைவு வேலையையும் நான் உள்நுழைவுப் பொத்தானிலிருந்து தொடங்குவதில்லை. இந்தப் பயனர் நாளை நிறுவனத்தை விட்டுப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

யார் இவர்: சாவியைத் தேர்ந்தெடுப்பது

உள்நுழைவுக்கு ஓப்பன்ஐடி கனெக்ட், ஏபிஐ (நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் வாசல்) அனுமதிக்கு ஓஆத் 2.0, வாடிக்கையாளரின் பயனர் பட்டியலை உங்கள் செயலியோடு ஒத்திசைக்க ஸ்கிம் 2.0 என்ற மூன்று தரங்களே பெரும்பாலான இணைப்புகளுக்குப் போதும். 2005-இல் வந்த பழைய உள்நுழைவுத் தரமான சாம்ல் 2.0-ஐ மட்டுமே பேசும் நிறுவனங்கள் இன்னும் நிறைய உண்டு. அவர்களுக்காக உங்கள் செயலிக்குள் இரண்டாவது உள்நுழைவு வழியை எழுதாதீர்கள். கீக்ளோக் போன்ற ஓர் இடைநிலைச் சர்வரை வைத்தால், அது சாம்லை வாங்கி உங்களிடம் ஓப்பன்ஐடி கனெக்டாகக் கொடுக்கும். உங்கள் நிரல் ஒரே மொழியைப் பேசினால் போதும்.

ஓப்பன்ஐடி கனெக்ட் தரம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு பயனரை நிலையாக அடையாளம் காண 'ஐஎஸ்எஸ்', 'சப்' என்ற இரண்டு புலங்களையும் சேர்த்தே நம்ப வேண்டும். முதலாவது, டோக்கனை (அடையாளத்தையோ அனுமதியையோ சுமந்து வரும் மின்சீட்டை) வழங்கியவர் யார் என்பது. இரண்டாவது, அவரிடத்தில் இந்தப் பயனருக்கு உள்ள அடையாளம். தரவுத்தளத்தில் இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு தனித்துவக் கட்டுப்பாடு போடுங்கள். மின்னஞ்சல் வெறும் தொடர்பு விவரம். திருமணம், பெயர் மாற்றம், நிறுவன இணைப்பு என்று எதனால் வேண்டுமானாலும் அது மாறும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ரா ஐடியில் 'சப்' மதிப்பு ஒவ்வொரு செயலிப் பதிவுக்கும் வேறுபடும். உங்கள் இணையச் செயலிக்கும் கைப்பேசிச் செயலிக்கும் தனித்தனிப் பதிவு இருந்தால், ஒரே மனிதர் இரண்டு ஆட்களாகத் தெரிவார். அங்கே 'ஓஐடி' (பயனரின் ஆப்ஜெக்ட் ஐடி), 'டிஐடி' (அவருடைய நிறுவனக் கணக்கின் ஐடி) என்ற இணையைப் பயன்படுத்துங்கள்.

அதே மனிதரை ஸ்கிம் வழியாகவும் நீங்கள் பெறப்போகிறீர்கள். ஸ்கிம் அனுப்பும் பதிவில் 'சப்' வராது. ஆகவே ஸ்கிம்மின் 'எக்ஸ்டர்னல்ஐடி' புலத்தில், டோக்கனில் வரும் அதே நிலையான அடையாளத்தை அனுப்பும்படி வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்குங்கள். என்ட்ராவில் இயல்பாக அந்தப் புலத்தில் மின்னஞ்சல் புனைபெயர்தான் போகும். அதைப் பயனரின் ஆப்ஜெக்ட் ஐடியாக மாற்றச் சொல்ல வேண்டும். அமைப்புக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வையுங்கள். பின்னால் மாற்றுவது மிகவும் கடினம்.

போகிறவரை முழுமையாக அனுப்புவது

அடையாள வழங்குநரிடம் (என்ட்ரா போல, உள்நுழைவைச் சரிபார்த்து டோக்கன் தரும் சேவையிடம்) கணக்கை முடக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடிவதில்லை. புதிதாக உள்ளே வருவது மட்டுமே நிற்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் பிரவுசர் அமர்வு, கைப்பேசியில் இருக்கும் புதுப்பிப்பு டோக்கன் (மறுபடி உள்நுழையாமலே புதிய டோக்கன் வாங்க உதவுவது), அவர் என்றோ உருவாக்கிய தனிப்பட்ட ஏபிஐ சாவி ஆகிய மூன்றும் உயிரோடு இருக்கின்றன.

ஸ்கிம் வழியாக 'ஆக்டிவ்' புலம் பொய் என்று வந்ததும், இந்த மூன்றையும் ஒரே பரிவர்த்தனையில் ரத்து செய்யுங்கள். தரவுத்தளத்தில் பயனரின் பதிவை உடனே அழிக்க வேண்டாம். அவர் எழுதியவை நிறுவனத்துக்குச் சொந்தமானவை, விடுப்பு முடிந்து அவரே திரும்பி வரவும் கூடும்.

என்னை ஒரு முழு வாரம் அலைக்கழித்த ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். முடக்கும் கோரிக்கை வருகிறது, எங்கள் சர்வர் 200 (சரி) என்று பதில் தருகிறது, பயனர் மட்டும் முடங்கவில்லை. கடைசியில் வந்த தரவை அப்படியே எழுதிப் பார்த்தேன். தரப்படி அங்கே பூலியன் மதிப்பு (உண்மை அல்லது பொய்) இருக்க வேண்டும். வந்திருந்ததோ மேற்கோள் குறிகளுக்குள் 'ஃபால்ஸ்' என்ற சொல். எங்கள் நிரல்மொழியில் வெறுமையாக இல்லாத எந்தச் சொல்லும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆக, 'முடக்கு' என்ற கட்டளையை 'இயக்கு' என்று படித்துக்கொண்டிருந்தோம். பூலியனையும் சொல்லையும் இரண்டையும் சரியாகப் படியுங்கள். புரியாத மதிப்பு வந்தால் 400 பிழை கொடுங்கள், ஊகிக்காதீர்கள். பட்டியலைப் பக்கம் பக்கமாகக் கொடுக்கும்போது ஸ்கிம்மில் எண்ணிக்கை 0-இலிருந்து அல்ல, 1-இலிருந்து தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஸ்கிம் உடனுக்குடன் வரும் என்றும் எண்ண வேண்டாம். என்ட்ரா ஐடி மாற்றங்களை ஏறத்தாழ 40 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் அனுப்புகிறது. அந்த இடைவெளியை அடைக்க, உங்கள் அமர்வை வழங்குநரின் புதுப்பிப்பு டோக்கனோடு கட்டிவையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் அதைப் புதுப்பித்துப் பாருங்கள். வழங்குநர் மறுத்தால் அமர்வையும் அங்கேயே முடித்துவிடலாம்.

ஏபிஐ சாவிகளில் எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ஒருவர் தன் பெயரில் சாவி எடுத்து, இரவுநேர இறக்குமதி வேலைக்கு அதைக் கொடுத்திருப்பார். அவர் போனதும் சாவி ரத்தாகும், இறக்குமதியும் நின்றுவிடும். உடனே யாராவது 'சாவிகளை மட்டும் விட்டுவைக்கலாமே' என்பார்கள். சம்மதிக்காதீர்கள். இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் வேலைக்கு ஓஆத்தின் கிளையன்ட் கிரெடன்ஷியல்ஸ் முறையில் நிறுவனத்தின் பெயரிலேயே தனி அடையாளம் கொடுங்கள். மனிதர் போனாலும் அது நிற்காது. தேவையில்லாதபோது தனியாக நிறுத்தலாம்.

உள்நுழைவுப் பாதை

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆத்தரைசேஷன் கோடு முறையை (பிரவுசர் வழியே வரும் ஒருமுறைக் குறியீட்டைக் கொடுத்து டோக்கன் வாங்குவது) பிக்ஸியோடு (அந்தக் குறியீட்டைத் திருடியவர் பயன்படுத்த முடியாமல் ஓர் இரகசியச் சரத்தோடு கட்டுவது) பயன்படுத்துங்கள். இரகசியச் சரம் 43 முதல் 128 எழுத்துகள், எஸ்256 என்ற ஹாஷ் முறை. 'ஸ்டேட்', 'நான்ஸ்' என்ற இரண்டு தற்செயல் மதிப்புகளையும் அனுப்பி, திரும்பி வரும்போது ஒப்பிடுங்கள். திருப்பியனுப்பும் முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். 2025 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 9700 என்ற ஓஆத் பாதுகாப்பு ஆவணம், பயனரின் கடவுச்சொல்லைச் செயலியே வாங்கி அனுப்பும் முறையை அறவே விலக்குகிறது. டோக்கனை நேராகப் பிரவுசர் முகவரியிலேயே கொடுக்கும் இம்ப்ளிசிட் முறையையும் தவிர்க்கச் சொல்கிறது. பழைய வழிகாட்டிகளில் இவை இன்னும் இருக்கின்றன, பின்பற்ற வேண்டாம். வழங்குநரின் முகவரிகளைக் கையால் தட்டச்சு செய்வதையும் விட்டுவிடுங்கள். அவர்கள் வெளியிடும் ஓப்பன்ஐடி அமைவுக் கோப்பை நிரலே படித்துக்கொள்ளட்டும்.

இரண்டு டோக்கன்கள், இரண்டு வேலைகள்

உள்நுழைவு முடிந்ததும் ஐடி டோக்கன், அணுகல் டோக்கன் என்று இரண்டு கைக்கு வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். ஐடி டோக்கன் உங்கள் செயலிக்கு எழுதப்பட்ட கடிதம்: இவர் இன்னார், இத்தனை மணிக்கு உள்ளே வந்தார். அணுகல் டோக்கன் ஏபிஐக்கான அனுமதிச் சீட்டு. ஐடி டோக்கனை ஏபிஐக்கு அனுப்புவதுதான் நான் மற்றவர்களின் நிரல்களில் அதிகம் பார்த்த பிழை. 'ஆட்' (பெறுநர்) புலத்தில் தன் பெயர் இல்லாத எந்த டோக்கனையும் ஏபிஐ மறுத்தால் இந்தப் பிழை முதல் நாளே வெளிப்பட்டுவிடும்.

ஏபிஐ பக்கத்தில் கையெழுத்து, வழங்கியவர், பெறுநர், காலாவதி நான்கையும் ஒவ்வொரு கோரிக்கையிலும் சரிபாருங்கள். எந்தக் கையெழுத்து முறையை ஏற்பது என்பது உங்கள் அமைப்பில் இருக்க வேண்டும். டோக்கன் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. வழங்குநர் தன் கையெழுத்துச் சாவியை மாற்றும் நாள் நிச்சயம் வரும். தெரியாத சாவி எண் வந்தால் சாவிப் பட்டியலை மறுபடி இறக்குங்கள், ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். இல்லையென்றால் யாராவது போலி எண்களை அனுப்பியே உங்கள் சர்வரை வழங்குநர் மேல் ஏவிவிடலாம்.

ஒரு ஏபிஐ இன்னொன்றை அழைக்கும்போது வந்த டோக்கனை அப்படியே கடத்த வேண்டாம். ஆர்எஃப்சி 8693 சொல்லும் டோக்கன் பரிமாற்ற முறையில் அடுத்த ஏபிஐக்கென்று புதியதை வாங்குங்கள். ஸ்கோப் என்பது செயலிக்குக் கிடைத்த அனுமதியின் எல்லை மட்டுமே. இந்தப் பயனர் இந்தக் கோப்பைப் பார்க்கலாமா என்பதை உங்கள் நிரல்தான் தீர்மானிக்க வேண்டும்.

நான் எழுதும் முதல் சோதனை

ஒரு பயனரை ஸ்கிம் வழியாக உருவாக்கு. அவராக உள்நுழை. ஏபிஐயை அழை, 200 வர வேண்டும். தனிப்பட்ட சாவி ஒன்றை எடு. பிறகு கணக்கை முடக்கு. பத்து விநாடிக்கு ஒருமுறை பிரவுசர் அமர்வு, அணுகல் டோக்கன், சாவி என்ற மூன்று வழிகளிலும் தட்டிப் பார். மூன்றும் 401 (அனுமதி மறுப்பு) ஆகும் வரை எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள். கடைசியாக, அதே மின்னஞ்சலோடு வேறு 'சப்' கொண்ட புதியவரை உருவாக்கு. அவருக்கு வெறும் பக்கம்தான் தெரிய வேண்டும்.

முதல்முறை இதை ஓட்டியபோது பிரவுசர் அமர்வு உடனே அறுந்தது. கையில் இருந்த அணுகல் டோக்கனுக்கு ஒரு மணி நேர ஆயுள் கொடுத்திருந்தோம். அது அதுவரை வேலை செய்தது. சாவி அறுபடவே இல்லை. டோக்கனின் ஆயுளை ஐந்து நிமிடமாகக் குறைத்தோம், சாவி அட்டவணையைப் பயனர் நிலையோடு இணைத்தோம். இப்போது இந்தச் சோதனை தினமும் இரவில் ஓடுகிறது. மூன்று வழிகளில் ஏதாவது ஒன்று ஆறு நிமிடத்தைத் தாண்டினால் மறுநாள் காலையில் எந்த வெளியீடும் போகாது.