சிம்கோ ஏரி ஐஸில் மீன்பிடிக்க எந்த ஏடிவி வாங்கலாம்?

ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி) கடையில் பேச்சு எஞ்சின் அளவைக் குறிக்கும் சிசியில்தான் தொடங்கும். 570, 700, 850, 1000 என்று எண் ஏற ஏற விலையும் எடையும் சேர்ந்தே ஏறும். உறைந்த ஏரிக்கு வண்டி தேடுகிறவர் விவரப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டிய வரி எடை. குதிரைத்திறனைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1000 சிசி வண்டியின் வேகத்துக்கு ஏரியில் வேலையே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணெய், பெட்ரோல் எல்லாம் ஊற்றிய 500 சிசி வகை ஏடிவி ஏறக்குறைய 330 கிலோ. குளிருடை, ஹெல்மெட்டோடு ஓட்டுகிறவர் 100 கிலோ. முன்னும் பின்னும் உள்ள கேரியர்களில் ஆகர் (ஐஸில் துளை போடும் கருவி), பேட்டரி, மீன் பெட்டி என 40 கிலோ. பின்னால் இழுக்கும் ஸ்லெட்டில் (சறுக்கு வண்டி) மடக்குக் கூடாரமும் ஹீட்டரும் சேர்ந்து 100 கிலோ. ஆக 570 கிலோ. கடைக்காரர் சொன்ன எடையோடு இன்னும் 240 கிலோ சேர்ந்துவிட்டது.

இந்த 570 கிலோவை ஐஸ் தாங்குமா? மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை தெளிந்த புது ஐஸுக்குத் தரும் அளவு இது: நடந்து போக 4 அங்குலம் (10 செ.மீ.), ஸ்னோமொபைலுக்கும் (பனியில் சறுக்கி ஓடும் மோட்டார் வண்டி) சிறிய ஏடிவிக்கும் 5 முதல் 7 அங்குலம், இருவர் அருகருகே உட்காரும் சைட்-பை-சைட் வண்டிக்கு 7 முதல் 8, சிறிய காருக்கு 9 முதல் 10. பனி நனைந்து உறைந்து வெளுத்த ஐஸாக இருந்தால் இந்த எண்களை இரட்டிப்பாக்க வேண்டும். பொறியாளர்கள் பயன்படுத்தும் ஒரு சூத்திரமும் உண்டு: தடிமனைச் செ.மீ.யில் எடுத்து, வர்க்கமாக்கி, 4 ஆல் பெருக்கினால் நல்ல தெளிந்த ஐஸ் தாங்கும் கிலோ வரும். 15 செ.மீ. என்றால் 900 கிலோ. 7.5 செ.மீ. என்றால் 225 கிலோதான். தடிமன் பாதியானால் தாங்கும் சுமை கால்வாசியாகிவிடுகிறது. மெல்லிய இடம் ஒன்றே ஒன்று இருந்தாலும் ஆபத்து என்பதற்குக் காரணம் இதுதான்.

கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்திலுள்ள சிம்கோ ஏரியில் அழுத்தத்தால் ஐஸ் பிளந்து மேடேறும் வெடிப்புகள் அடிக்கடி வரும். நேற்று மூடியிருந்த வெடிப்பு இன்று திறந்திருக்கலாம். சிம்கோ, கூச்சிச்சிங் ஏரியோடு சேரும் ஆதர்லி குறுகலில் நீரோட்டம் உண்டு. எவ்வளவு குளிராக இருந்தாலும் அங்கே வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். கடப்பாரையால் குத்திப் பார்ப்பதும், சிறிது தூரத்துக்கு ஒருமுறை துளை போட்டு அளப்பதும் வண்டி வாங்கிய பிறகும் தொடர வேண்டிய வேலைகள்.

வண்டி வேண்டுமா என்பதே முதல் கேள்வி

டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கமிருந்து குளிர்காலத்தில் இரண்டு மூன்று தடவை மட்டும் போகிறவர் என்றால் வாங்கவே வேண்டாம். கெஸ்விக், ஜாக்சன்ஸ் பாயிண்ட் கரைகளில், ஐஸ் மேல் வைத்த மீன்பிடிக் குடில்களை வாடகைக்கு விடுகிறவர்கள் தங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார்கள். வாரம் தவறாமல் போகிறவருக்கும், கோடையில் தோட்ட வேலைக்கோ காட்டுப் பாதைக்கோ அதே வண்டியை ஓட்டப் போகிறவருக்கும்தான் சொந்த ஏடிவி கட்டுப்படியாகும்.

ஸ்னோமொபைலா ஏடிவியா என்பதை ஏரியில் கிடக்கும் பனியின் ஆழம் முடிவு செய்யும். பனியே இல்லாத வெறும் ஐஸில் திரவக் குளிர்விப்பு உள்ள ஸ்னோமொபைல் சூடேறிவிடும். அதன் குளிர்விப்பானுக்கும் அடியிலுள்ள பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைக்கும் பனி தெறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நாளில் ஏடிவி ராஜா. பனி 30 செ.மீ. தாண்டிவிட்டால் கதை மாறும். ஏடிவியின் அடிவயிறு பனியில் உட்கார்ந்துகொள்ளும், நான்கு சக்கரமும் சும்மா சுற்றும். காற்று பனியை அடித்துக்கொண்டு போய்விடும் திறந்த பெரிய ஏரிகளுக்கு ஏடிவியும், காடு சூழ்ந்த சின்ன ஏரிகளுக்கு ஸ்னோமொபைலும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏடிவிக்கு டிராக் செட் (சக்கரங்களுக்குப் பதிலாகச் சுற்றும் ரப்பர் பட்டைகள்) மாட்டினால் ஆழப் பனியிலும் போகும். ஆனால் செட்டின் எடை நூறு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், வேகம் குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஸ்டியரிங் கனக்கும், விலையோ ஒரு பழைய ஏடிவியின் விலைக்குப் பக்கத்தில் நிற்கும். டிராக் எடையைப் பரப்புவதால் மெல்லிய ஐஸிலும் போகலாம் என்று சிலர் சொல்வது தவறு. சக்கரம் பனிக்குள் புதைவதை டிராக் தடுக்கும், அவ்வளவுதான். ஐஸ் ஒரு பெரிய தகடாக வளைந்துதான் சுமையைத் தாங்குகிறது. அதற்கு மொத்த எடைதான் கணக்கு, டிராக் அந்த எடையைக் கூட்டத்தான் செய்கிறது.

கதவும் ஹீட்டரும் உள்ள சைட்-பை-சைட் சுகமானதுதான். ஆனால் எடை 600, 700 கிலோ என்று போகும். பருவத்தின் முதல் சில வாரங்களை இழப்பீர்கள். ஐஸில் அதை ஓட்டினால் சீட் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்தே வைத்து, மெதுவாகப் போக வேண்டும். ஆன்டாரியோவின் நியூ ஹாம்பர்க்கில் தயாராகும் ஆர்கோ எட்டுச் சக்கர வண்டி நீரில் மிதக்கும். மிதந்தாலும், உடைந்த ஐஸ் விளிம்பில் தானாக ஏறி வெளியே வருவது வேறு விஷயம்.

எந்த வகை

ஒருவர் அல்லது இருவர் மீன்பிடிக்க 400 முதல் 570 சிசி போதும். ஒற்றை இருக்கை ஏடிவியில் பின்னால் ஆளை ஏற்றாதீர்கள். இருவர் என்றால் இரட்டை இருக்கைக்கென்றே நீட்டிச் செய்த மாடலை வாங்குங்கள். நான்கு சக்கர ஓட்டம் கட்டாயம். பவர் ஸ்டியரிங் இருந்தால் உறைந்த தடங்களில் கைப்பிடி வெடுக்கென்று திரும்பிக் கட்டை விரலை அடிப்பது குறையும்.

பின்பக்கத்தில் ஒரே இரும்பு ஆக்ஸில் உள்ள மாடல்கள் உறுதியானவை, விலையும் குறைவு. ஆனால் அந்த ஆக்ஸிலின் நடுப்பகுதி தாழ்ந்திருப்பதால் பனியை உழுதுகொண்டே வரும். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டி வயிற்றைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஏரிக்கு இரண்டாவதைத்தான் பரிந்துரைப்போம்.

பெல்ட்டில் ஓடும் தானியங்கி வண்டிகளில் பெல்ட் பெட்டிக்குள் பனியோ நீரோ புகுந்தால் பெல்ட் வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. வாங்கும்போது அந்தப் பெட்டியின் காற்றுக் குழாய் எவ்வளவு உயரத்தில் முடிகிறது என்று பாருங்கள். ஹோண்டாவின் ராஞ்சர், போர்மேன் வகைகளில் பெல்ட் கிடையாது, கியர்தான். ஸ்லஷ் (பனிக்கடியில் தேங்கும் நீர்) அதிகமுள்ள ஏரிக்கு அது ஒரு பெரிய நிம்மதி.

கேரியர் தாங்கும் எடையும் இழுக்கும் திறனும் கையேட்டில் இருக்கும். இந்த வகை வண்டிகளில் முன் கேரியர் 30 முதல் 45 கிலோவும் பின் கேரியர் 60 முதல் 80 கிலோவும் தாங்கும். கனமான சாமானைக் கேரியரில் உயரமாக அடுக்காமல் ஸ்லெட்டில் தாழ்வாக வையுங்கள். ஆகரின் கத்தி முனைக்கு உறை போட்டுக் கிடைவசமாகக் கட்டுங்கள்.

டயர்

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. புது வண்டியோடு வரும் டயர் மண்ணுக்குச் செய்தது. பளபளக்கும் ஐஸில் பிரேக் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் போகும். இரண்டு வழி உண்டு. ஒன்று சங்கிலி: பனிக்கும் ஐஸுக்கும் சேர்த்து உதவும், தேவையில்லாதபோது கழற்றலாம். வாங்குமுன் சக்கரத்துக்கும் ஸ்டியரிங் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கையை விட்டுப் பாருங்கள். இடம் குறைந்தால் சங்கிலி ஆக்ஸில் மூட்டின் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். இன்னொன்று டயரில் திருகும் ஐஸ் ஸ்க்ரூ. டயர் பட்டனின் (டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டி) உயரத்தைவிடக் குட்டையான ஸ்க்ரூ வேண்டும்; பட்டன் 25 மி.மீ. என்றால் ஸ்க்ரூ 16 முதல் 19 மி.மீ. பட்டனின் நடுவில் மட்டும் போடுங்கள். பள்ளத்தில் போட்டால் பஞ்சர்தான். ஒரு டயருக்கு நூறு ஸ்க்ரூவுக்குக் குறையாமல் ஆகும். நான்கு டயருக்கும் போட வேண்டும்: பின்னால் மட்டும் போட்டால் வண்டி திரும்பாது, முன்னால் மட்டும் போட்டால் ஆக்ஸிலரேட்டரை விட்ட உடனே பின்பக்கம் சுழன்று வரும். ஸ்க்ரூ போட்ட வண்டியைப் பிக்கப்பிலோ டிரெய்லரிலோ ஏற்றும்போது தரையில் பழைய ரப்பர் விரிப்பு போடுங்கள்.

காற்றழுத்தத்தை வெளியே, குளிரில் வைத்துப் பாருங்கள். 20 டிகிரி வெப்பமுள்ள கராஜில் 6 பி.எஸ்.ஐ. அடித்த டயர், மைனஸ் 20இல் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிடும். அந்த அழுத்தத்தில் சறுக்கிக்கொண்டே திரும்பினால் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுகொள்ளும்.

ஸ்லஷ்

பனியின் எடை ஐஸைக் கீழே அழுத்தும்போது வெடிப்பு வழியே நீர் மேலேறிப் பனிக்கடியில் தேங்கும். மேலிருக்கும் பனி போர்வையாக மூடியிருப்பதால் மைனஸ் 20இலும் அது உறையாது. மேலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. உள்ளே இறங்கிய ஏடிவி நிற்காமல் ஒரே சீராகப் போனால் வெளியேறிவிடும், நடுவில் நின்றால் மாட்டிக்கொள்ளும்.

மாட்டிக்கொள்வதைவிடப் பெரிய சேதம் பிறகுதான் வரும். தெறித்த நீர் பிரேக்கிலும் ஆக்ஸிலிலும் சக்கரத்தின் உட்பக்கத்திலும் உறையும். உட்பக்க ஐஸ் கல்லாகி, சுற்றும்போது டயரின் காற்று வால்வைப் பிய்த்தெறியும். ஆக்ஸில் மூட்டின் ரப்பர் உறை கிழியும். ஆக்ஸிலரேட்டர் கேபிளில் நீர் போயிருந்தால் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்யுமுன் கட்டை விரலால் அழுத்தி விட்டு, திரும்பி வருகிறதா என்று பாருங்கள். ஸ்லஷைக் கடந்ததும் நூறு மீட்டர் தூரம் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே ஓட்டினால் அது காயும். வண்டியை நிறுத்தியதும் ரப்பர் சுத்தியலால் சக்கர உட்பக்கத்தைத் தட்டி ஐஸை உதிருங்கள். சக்கரங்களுக்கடியில் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் மாலையில் டயர் ஐஸோடு ஒட்டியிருக்கும். பஞ்சர் ஒட்டும் செட், ஒரு உபரி வால்வு, சின்ன பம்ப் மூன்றும் இருக்கைக்கடியில் எப்போதும் இருக்கட்டும்.

மாட்டிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் 2,500 பவுண்டு போதும். ஏரி நடுவே கட்டுவதற்கு மரம் ஏது? ஆகரால் ஒரு துளை போட்டு, நடுவில் கயிறு கட்டிய கட்டையைச் செங்குத்தாக உள்ளே விட்டு, அடியில் குறுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள். அந்தக் கயிறுதான் வின்ச்சுக்குக் கொக்கி மாட்டும் இடம்.

ஸ்லெட்டைக் கயிற்றால் இழுக்காதீர்கள். வண்டி நின்றாலும் ஸ்லெட் நிற்காது, வந்து பின்சக்கரத்தில் மோதும். இரும்புக் கம்பி இணைப்புதான் சரி. கரையை நெருங்கும்போது வேகத்தைக் குறையுங்கள். ஓடும் வண்டி ஐஸுக்கடியில் நீரில் அலை எழுப்பும்; 5 மீட்டர் ஆழத்தில் அந்த அலையின் வேகம் மணிக்கு 25 கி.மீ. அளவில் இருக்கும். அதே வேகத்தில் நீங்களும் போனால் அலை பெரிதாகி ஐஸை உடைக்கும். கரையை நேராக அணுகாமல் சாய்வாக அணுகுங்கள்.

குளிரில் ஸ்டார்ட்டும் பழைய வண்டியும்

எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சும் முறை) உள்ள வண்டியே வாங்குங்கள். ஈரக் குளிரில் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கும். மைனஸ் 18இல் ஈய அமில பேட்டரியின் திறன் பாதியளவுக்கு இறங்கும், புது மாடல்கள் பலவற்றில் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வசதியும் இல்லை. வீட்டில் சார்ஜரில் மாட்டி வையுங்கள், ஏரிக்கு ஜம்ப் பேக்கை (ஸ்டார்ட் செய்ய உதவும் கையடக்க பேட்டரி) கோட்டுக்குள் வைத்து எடுத்துப் போங்கள். எண்ணெயைக் கையேட்டில் குளிர்காலத்துக்குச் சொன்ன வகைக்கு மாற்றுங்கள். குடிலுக்குக் குடில் இருநூறு மீட்டர் மட்டும் ஓடும் எஞ்சின் சூடேறுவதே இல்லை. உள்ளே ஈரம் சேர்ந்து எண்ணெய் வெளுக்கும், மூச்சுக் குழாய் உறைந்தால் சீல் பிதுங்கும். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவையாவது இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

ஆன்டாரியோவில் சொந்த நிலத்துக்கு வெளியே ஓட்டப் பதிவு, இன்சூரன்ஸ், ஹெல்மெட் மூன்றும் வேண்டும். ஏரியும் அதில் அடக்கம். ஐஸ் உடைந்து வண்டி மூழ்கினால் வெளியே எடுக்கும் செலவை உங்கள் பாலிசி ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மினசோட்டாவில் மூழ்கிய வண்டியை 30 நாளுக்குள் உரிமையாளரே எடுத்தாக வேண்டும்.

பழைய வண்டி பார்க்கப் போனால் நீரில் மூழ்கியதா என்பதுதான் முதல் சோதனை. முன், பின் டிஃபரன்ஷியல் எண்ணெய் பால்போல் இருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வண்டல் கோடு தெரிகிறதா, ஹெட்லைட் கண்ணாடிக்குள் அழுக்கு இருக்கிறதா, இருக்கைக்கடியில் வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். போகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லி, வண்டியை இரவு முழுவதும் வெளியே விட்டுவைக்கச் சொல்லுங்கள். காலையில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். வேறு வண்டி பாருங்கள்.