ரேயான் துணி சுருங்காம, கிழியாம பாத்துக்கிறது எப்படி

ஆசையா வாங்குன ரேயான் சட்டை முதல் துவையல்லயே ஒரு சைஸ் சின்னதாயிடுச்சுன்னா துணி மேல கோபப்படாதீங்க, நானும் அப்படி ஒண்ண காட்டன்னு நெனச்சு மெஷின்ல போட்டு வீணாக்குனவன்தான்.

மரக்கூழை காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்பைடும் சேத்துக் கரைச்சு, பொடிப்பொடி ஓட்டை வழியா ஆசிட் தொட்டிக்குள்ள விட்டா நூலா வரும், அதுதான் விஸ்கோஸ் ரேயான். சரக்கு மரம், நூலாக்குறது கெமிக்கல், அதனாலதான் பாதி செயற்கைன்னு சொல்றது. 1924 வரைக்கும் ரேயான்ங்கிற பேரே கிடையாது, செயற்கைப் பட்டுன்னுதான் வித்தாங்க. பட்டு மாதிரி மினுக்கும், வழவழன்னு விழும், வேர்வையை பட்டு அளவுக்கே இழுக்கும், வெயிலுக்கு சுகம்.

நெஜப் பட்டான்னு சந்தேகமா? ஓரத்துல ஒரு இழை உருவி, இடுக்கில புடிச்சு, தண்ணி பக்கத்துல வச்சுக்கிட்டு கொளுத்துங்க. முடி கருகுற வாசனைன்னா பட்டு, காகிதம் எரியற வாசனையோட பொசுபொசுன்னு சாம்பல்னா ரேயான், உருகி கெட்டி மணியாச்சுன்னா பாலியஸ்டர். கலப்பு நூலா இருந்தா இந்த டெஸ்ட் குழப்பும்.

இப்ப துவையல், இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறது. ரேயான் நனைஞ்சா பலம் கிட்டத்தட்ட பாதியாயிடும், அதனால ஈரத்துல முறுக்கிப் பிழியவே கூடாது, பச்சத் தண்ணில மைல்டான சோப்புத்தூள் போட்டு கையால லேசா அலசி, காய்ஞ்ச டவல்ல சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்துட்டு, நிழல்ல படுக்கப்போட்டு காய வைங்க, தொங்கவிட்டா தண்ணி கனத்துலயே இழுத்துட்டுப் போயிடும். டிரையர் பக்கமே வேணாம். லேபிள்ல டிரை கிளீன் மட்டும்னு இருந்தா அதையே கேளுங்க.

அயர்ன் பண்ணும்போது உள்பக்கம் திருப்பி, லேசா ஈரம் இருக்கையிலயே மிதமான சூட்டுல ஓட்டுங்க, மேல்பக்கம் நேரா வச்சா பளபளன்னு தடம் விழுந்துடும், அது போகாது.

தைக்கிறவங்க வெட்டுறதுக்கு முன்னாடியே ஒரு தடவ நனைச்சு காய வைங்க, சுருங்குறதெல்லாம் அப்பவே சுருங்கட்டும். மெஷினுக்கு 70/10 சைஸ் மெல்லிசு ஊசி, புது ஊசியா இருக்கட்டும். வழுக்கிட்டு ஓடுதுன்னா அடில மெல்லிசு பேப்பர் வச்சு பேப்பரோட சேத்தே வெட்டலாம். குறுக்கு வெட்டுப் பாவாடையா, அதாவது துணியை மூலைவாட்டமா வெட்டுனதா இருந்தா ஒரு ராத்திரி தொங்கவிட்டு, இறங்குனத சமமா வெட்டிட்டு அப்பறம் கீழ் ஓரம் மடிச்சு அடிங்க.